499 ரூபாய் ஃபைபர்னு சொன்னாங்க, வந்தது லேன் வயர்

போன ஜூன் மாதம் மேடவாக்கம் பக்கம் வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். பால் காய்ச்சிய மறுநாளே கேட்டில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. 100 எம்பிபிஎஸ் ஃபைபர், மாதம் 499 மட்டுமே, இன்ஸ்டலேஷன் இலவசம், ரௌட்டர் இலவசம். எனக்கு வீட்டிலிருந்துதான் வேலை, நெட் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. உடனே போன் போட்டேன். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. எந்தப் பெயரில் வந்தாலும் வித்தை இதேதான்.

அரை மணி நேரத்தில் ஒரு பையன் பைக்கில் வந்துவிட்டான். "அக்கா, ஆறு மாசம் சேர்த்துக் கட்டுனாதான் இன்ஸ்டலேஷன் ஃப்ரீ. மாசாமாசம்னா ஆயிரம் ரூபா தனி."

சரி, 499 பெருக்கல் ஆறு, 2,994 என்று மனதுக்குள் போட்டுக்கொண்டேன். அவன் சொன்ன கணக்கு வேறு. நோட்டீஸில் 499க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்திருக்கிறது. அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி 'ஜிஎஸ்டி தனி'. 18 சதவீதம் சேர்ந்தால் மாதம் 588 ரூபாய் 82 காசு, ஆறு மாதத்துக்கு 3,532.92. ரௌட்டர் இலவசம்தான், ஆனால் டெபாசிட் 1,000. கம்பத்திலிருந்து 50 மீட்டர் வரை வயருக்குக் காசில்லை, அதற்கு மேல் மீட்டருக்கு 12 ரூபாய். எங்களுக்கு 35 மீட்டர் கூடுதல் என்றான், 420. ஆக மொத்தம் 4,952.92. மூவாயிரத்துக்குள் முடியும் என்று நினைத்தது ஐந்தாயிரத்தைத் தொட்டுவிட்டது. சாமான் பாதி மூட்டையில் கிடக்கிறது, மறுநாள் காலை மீட்டிங். கட்டிவிட்டேன்.

அதிலும் ஒரு கூத்து. 3,532.92 மட்டும் கம்பெனி லிங்க்கில் கட்டச் சொன்னான். "டெபாசிட்டும் வயர் காசும் லோக்கல்ல கட்டுறது அக்கா, என் நம்பருக்கே ஜிபே பண்ணிடுங்க." 1,420 ரூபாயை அவன் நம்பருக்கே அனுப்பினேன். நான் ஏமாந்த இடம் இதுதான். அது தெரியவந்தது டிசம்பரில்.

முதல் மூன்று மாதம் குறை சொல்ல முடியாது. ஹாலில் வேகம் நன்றாகவே இருந்தது. பெட்ரூமில் முப்பதைத் தாண்டாது, ஏனென்றால் கொடுத்த ரௌட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வேகம் குறைந்த வைஃபை அலைவரிசை மட்டும் உள்ள பழைய வகை. இதில் நம் பக்கமும் ஒரு குழப்பம் உண்டு. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு நூறு எம்பி இறங்கும் என்று என் வீட்டுக்காரர் சண்டைக்கு நின்றார். அது பிட் கணக்கு, எம்பி என்பது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுத்தால் அதிகபட்சம் நொடிக்கு 12.5 எம்பிதான். அந்தச் சண்டையில் நியாயம் கம்பெனி பக்கம்.

அக்டோபரில் மழை ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும், நெட் இருக்காது. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ரௌட்டர் எரிந்துகொண்டிருக்கும், நெட் மட்டும் இருக்காது. ஃபைபருக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் ஒருநாள் வயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நுனியில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் முனை, உள்ளே வரிசையாக எட்டுத் தங்க நிறப் பட்டைகள். சொருகினால் டக்கென்று சத்தம். பழைய ஆபீஸில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பார்த்த அதே லேன் வயர், உள்ளே செம்புக் கம்பி.

லைன்மேன் வந்தபோது கூடவே மொட்டைமாடிக்குப் போனேன். வயர் கம்பத்துக்கே போகவில்லை. இரண்டு வீடு தாண்டி ஒரு மாடியில் தகரப் பெட்டி, அதற்குள் நெட்டைப் பல வயர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ஸ்விட்ச். ஃபைபர் அந்தப் பெட்டி வரைக்கும்தான். அங்கிருந்து பத்து வீட்டுக்கு லேன் வயர் பிரிந்து போகிறது. பெட்டிக்குக் கரண்ட் அந்த வீட்டு மீட்டரிலிருந்து. அவர்கள் வீட்டில் ஃபேஸ் போனால் எங்கள் நெட்டும் போய்விடும். "ஃபைபர்தானேக்கா, பெட்டி வரைக்கும் ஃபைபர்தான்" என்றான், சிரிக்காமல்.

நவம்பரில் ஒரு ராத்திரி இடி. காலையில் ரௌட்டர் செத்துக் கிடந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, செம்பு வயரில் ஓடும். மாடி மாடியாகத் தொங்கும் லேன் வயர் இடிக்கு வழி போட்டுக் கொடுத்த மாதிரி. "இடிக்கு வாரண்டி இல்லக்கா" என்று 1,500 கேட்டார்கள். இலவச ரௌட்டர், டெபாசிட் வாங்கிய ரௌட்டர், எரிந்ததும் என் ரௌட்டர் ஆகிவிட்டது! சண்டை போட்டு 700க்கு ஒரு பழையதை மாட்டவைத்தேன்.

ஜூன் 10 அன்று ஆரம்பித்த ஆறு மாதம், டிசம்பர் 6 இரவோடு முடிந்தது. அவர்கள் அகராதியில் ஆறு மாதம் என்றால் 180 நாள். புதுப்பிக்கப் போனால் 499 'அறிமுகச் சலுகை'யாம். இனி 799, வரியோடு 942.82. வேண்டாம், டெபாசிட்டைக் கொடுங்கள், லைனை மூடுங்கள் என்றேன். கஸ்டமர் கேர் பெண் நிதானமாகச் சொன்னாள்: "மேம், உங்க அக்கவுண்ட்ல டெபாசிட் எதுவும் காட்டலையே." இன்வாய்ஸை அன்றுதான் ஒழுங்காகத் திறந்து பார்த்தேன். 3,532.92க்கு மேல் ஒரு பைசா அதில் இல்லை. பையன் கம்பெனியை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இப்படி மாட்டியவர்கள் போனில் கத்திவிட்டு அதோடு நிறுத்திவிடாதீர்கள். புகார் பதிந்து டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்குப் போகவேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். டெலிகாம் வழக்கு அங்கே செல்லாது என்று யாராவது சொன்னால், செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது என்று சொல்லுங்கள்.

அப்பீலுக்குப் பிறகு ரௌட்டரை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீது முக்கியம், இல்லையென்றால் நாளைக்கு ரௌட்டர் வரவில்லை என்று பில் வரும். ஆயிரம் ரூபாய் இன்னும் வரவில்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு 1915-ல் புகார் நிலுவையில் இருக்கிறது.

புது கனெக்‌ஷன் எடுக்கும்போது நான் வாட்ஸ்அப்பில்தான் எல்லாம் கேட்டேன். வரியோடு மொத்தம் எவ்வளவு, எத்தனை நாள், ஏழாவது மாதம் என்ன விலை, எத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும், வீட்டுக்குள் வருவது ஃபைபரா லேனா. கடைசிக் கேள்விக்கு இரண்டு ஏஜென்ட்கள் பதிலே போடவில்லை. மூன்றாவது ஆள் மாட்டியிருக்கும் பெட்டியில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு இருக்கிறது, ஃபைபர் அறுந்தால் சிவப்பாக எரியும். பழைய பெட்டியில் அந்த விளக்கே கிடையாது.

உங்கள் வீட்டு டெபாசிட்டும் ஏஜென்ட்டின் சொந்த நம்பருக்குத்தான் போயிருந்தால் இன்றைக்கே இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள். டெபாசிட் என்று ஒரு வரி இல்லையென்றால், அந்த ஆள் இன்னும் அதே கம்பெனியில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.