ஒகேனக்கல் எண்ணெய் மசாஜ்: மலை இறங்கி வந்த கால்களுக்கு எவ்வளவு பலன்?

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி கோட்டை மலை, தீர்த்தமலை என்று அடுத்தடுத்த நாட்களில் பாறை ஏறி இறங்குகிறவர்கள், கடைசி நாளுக்கு ஒகேனக்கல் எண்ணெய் மசாஜைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கொடுக்கிற காசுக்குத் தகுந்த வேலைதான். ஆனால் எந்த நாளில் தேய்த்துக்கொள்கிறோம், எவ்வளவு அழுத்தச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன். இந்த இரண்டும் தவறினால் வலி கூடும்.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். காலை உடைப்பது இறக்கம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படி நீளும் நிலையில் வேலை செய்வதால் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. கிருஷ்ணகிரி கோட்டை மலை 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை இரவில் தாக்கியும் பிடிக்க முடியாமல் திரும்பிய மலை. அந்தச் செங்குத்து இன்றும் குறையவில்லை. முழங்கால் உயரப் படியில் தடதடவென்று குதித்து இறங்கினால் மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். வலி உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்.

'காலில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை மசாஜ் பிழிந்து எடுத்துவிடும்' என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. ஏறி இறங்கி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த அமிலத்தை உடம்பே கரைத்துவிடும். மசாஜ் செய்வது வேறு: விறைப்பைத் தளர்த்துகிறது, வலி உணர்வைக் குறைக்கிறது, இரவில் நல்ல தூக்கம் வருகிறது. கிழிந்த நார் ஆற ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதை எந்த எண்ணெயும் விரைவுபடுத்தாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

அருவிக்குப் போகும் வழியிலும் ஆற்றோரத்திலும் எண்ணெய்ப் புட்டியோடு தொழிலாளிகள் அழைப்பார்கள். உட்காரும் முன்பே கூலியைப் பேசி முடித்துவிடுங்கள்: முழு உடம்பா, கால் மட்டுமா, எத்தனை நிமிடம், எண்ணெய் யாருடையது. இந்த நான்கும் வாய்விட்டுப் பேசப்படாத இடத்தில்தான் கடைசியில் தகராறு வருகிறது. எண்ணெயை நாமே கொண்டு போவது நல்லது. முழு உடம்புக்கு 100 முதல் 150 மில்லி நல்லெண்ணெய் போதும். காலுக்கு மட்டும் என்றால் 50 மில்லியே தாராளம். கூடவே இரண்டு பழைய துண்டு. ஒன்றை நெற்றிக்குக் கீழும், இன்னொன்றைச் சுருட்டிக் கணுக்காலுக்குக் கீழும் வைத்துக் குப்புறப் படுத்தால் கால்விரல்கள் பாறையில் அழுந்தாது. கால் மட்டும் பார்க்க இருபது நிமிடம் சரியான அளவு.

தேய்க்கும் வரிசையை நாமே சொல்லலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாதத்தில் தொடங்கி, கெண்டைக்கால், தொடையின் பின்பக்கம், பிறகு திரும்பிப் படுத்து முன்தொடை. உள்ளங்கையால் கீழிருந்து மேலாக நீளமாக நீவுவதுதான் நல்ல கை. நல்ல தொழிலாளி கெண்டைக்காலில் கை வைத்ததும் எங்கே கட்டி இருக்கிறது என்று கண்டுகொள்வார். அங்கே கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தி, சதை இளகும் வரை காத்திருந்து, பிறகு கையை எடுப்பார். அவசரக் கை அதே இடத்தில் குத்தித் தேய்க்கும். பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் அது அதிக அழுத்தம். ஏற்கெனவே கிழிந்த நாரை நசுக்கினால் மறுநாள் கன்றிப்போகும். 'மெதுவா போதும்ணா' என்று உடனே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பார்கள். அதை மறுத்துவிடுங்கள். திடீரென்று திருகும்போது கழுத்து ரத்தக்குழாயில் கிழிசல் விழ வாய்ப்பு உண்டு. அரிதுதான், ஆனால் விழுந்தால் பக்கவாதம் வரை போகும். கால் வலிக்குப் போன இடத்தில் அந்த ஆபத்து எதற்கு?

சில கால்களுக்கு மசாஜே கூடாது. கணுக்கால் பிசகி வீங்கியிருந்தால் முதல் இரண்டு மூன்று நாள் தொடக்கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம்; தேய்த்தால் அந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருளாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் நேராக ஆஸ்பத்திரிதான்.

மறுநாள் இன்னொரு மலை பாக்கி இருந்தால் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சோப்புப் போட்டாலும் உள்ளங்காலிலும் விரலிடுக்கிலும் பிசுக்கு நிற்கும். ஷூவுக்குள் பாதம் வழுக்கும், பாறையைப் பிடிக்கும் கையும் நழுவும். இடைப்பட்ட இரவுகளில் செய்ய வேண்டியது எளிது: சமதளத்தில் பதினைந்து நிமிடம் மெதுவான நடை, உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர், வெறுங்கையால் தொடையை நீவிவிடுதல், எட்டு மணி நேரத் தூக்கம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலையேறாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் புரூஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

ஆக, கடைசி மலைக்கு மறுநாள்தான் ஒகேனக்கலுக்கு ஏற்ற நாள். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகப் பஸ் உண்டு, ஏறத்தாழ 46 கிலோமீட்டர். காலை வெயில் ஏறும் முன் போய்விட்டால் பாறை சுடாது. காவிரியில் நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். கிளம்பும் முன் அன்றைய செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

தேய்த்து முடித்ததும் எழுந்து தண்ணீருக்கு ஓடாதீர்கள். எண்ணெய்க் காலோடு ஈரப்பாறையில் வைக்கும் முதல் அடியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். துண்டால் உள்ளங்காலை அழுத்தித் துடைத்து, பயத்தமாவைத் தேய்த்து எண்ணெயை எடுத்த பிறகு, அனுமதித்த இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஷாம்பு, சோப்பு எல்லாம் அறைக்குப் போய்; குடிதண்ணீராகப் போகிற ஆறு இது. மீன் வறுவலும் குளித்த பிறகுதான், நிறைந்த வயிற்றோடு குப்புறப் படுக்க முடியாது.