கிளாம்ப்-ஆன் அல்ட்ராசானிக் மீட்டர்: தண்ணீர் லைனில் மேக்மீட்டரைச் சோதிக்க வாங்கலாமா?

பைப்பை வெட்டாமல், பிளான்ட்டை நிறுத்தாமல், வெளிப்பக்கத்தில் இரண்டு சென்சாரைக் கட்டி ஓட்டத்தை அளக்கலாம் என்பதுதான் இந்தக் கையடக்கக் கருவியின் பெரிய பலம். சந்தேகம் வந்த மேக்மீட்டரை (லைனில் பொருத்தியிருக்கும், காந்தப் புலத்தை வைத்து ஓட்டத்தை அளக்கும் மீட்டர்) அன்றைக்கே சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இதை வைத்துக் கேலிபிரேஷன் சான்றிதழ் எழுதுவது தவறு.

கிளாம்ப்-ஆன் கருவியின் விவரக் குறிப்பில் (டேட்டா ஷீட்) பிழை இரண்டு பகுதியாக இருக்கும். ரீடிங்கில் 1%, கூடவே நொடிக்கு 0.01 மீட்டர் என்று போட்டிருந்தால், தண்ணீர் நொடிக்கு 2 மீட்டரில் ஓடும்போது மொத்தம் 1.5%. அதுவே 0.3 மீட்டருக்கு இறங்கினால் 4.3%. மேக்மீட்டரின் பிழையே 0.5% தான். அதைச் சரிபார்க்கும் கருவி அதைவிட மூன்று நான்கு மடங்கு துல்லியமாக இருக்க வேண்டாமா? சான்றிதழ் தேவையென்றால் மீட்டரைக் கழற்றி, பாலக்காட்டில் உள்ள எஃப்.சி.ஆர்.ஐ. (ஃப்ளூயிட் கன்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்) போன்ற ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரி.

களத்தில் ரீடிங்கை அதிகம் கெடுப்பது, கருவியில் நாம் கொடுக்கும் பைப் சுவரின் கனம் (தடிமன்). 200 மி.மீ. உள்விட்டத்தில் சுவர் கனத்தை 1 மி.மீ. தவறாகக் கொடுத்தால் பரப்பளவிலேயே 2% போய்விடும். அட்டவணையில் உள்ள கனத்தை நம்பக்கூடாது. உள்ளே துருவும் உப்புப் படிவும் இருக்கும். கனமானி (சுவர் தடிமனை அளக்கும் கருவி) சேர்ந்து வராத செட்டை வாங்காதீர்கள். வந்தால், சுற்றிலும் நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

இடம் அடுத்தது. எல்போவுக்கு (பைப் வளைவு) பின் பைப் விட்டத்தைப் போல 10 மடங்கு நேரான நீளம், சென்சாருக்கு அப்பால் 5 மடங்கு வேண்டும். பம்ப், பாதி திறந்த வால்வு என்றால் இன்னும் தள்ளிப் போங்கள். படுக்கைப் பைப்பில் சென்சாரைப் பக்கவாட்டில் கட்டுங்கள்; மேலே காற்று நிற்கும், அடியில் சேறு தங்கும். பெயின்ட்டைச் சுரண்டி, கப்ளிங் கிரீஸை (சென்சாருக்கும் பைப்புக்கும் நடுவே காற்று இல்லாமல் ஒலியைக் கடத்துவது) தாராளமாகத் தடவுங்கள். சூடான லைனில் சாதாரண கிரீஸ் காய்ந்து சிக்னல் விழும். சிமென்ட் பூச்சு பைப்பை விட்டுப் பிரிந்திருந்தால் சிக்னலே கிடைக்காமல் போகலாம்.

வால்வை இறுக்கி மூடி, பைப் நிறைந்திருக்கும்போது இரண்டு மீட்டரின் ஜீரோவையும் பாருங்கள். பிறகு மூன்று ஓட்ட அளவுகளில், ஒவ்வொன்றிலும் அரை மணி நேர டோட்டலைசர் கணக்கை (ஓடிய மொத்த அளவு) ஒப்பிடுங்கள். டேம்பிங் (ரீடிங் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் செட்டிங்) வேறுவேறாக இருப்பதால் அந்தந்த நேர ரீடிங் ஏமாற்றும். இரண்டும் ஒத்துவந்தும் கன்ட்ரோல் ரூம் எண் மட்டும் மாறினால் மீட்டரைத் தொடாதீர்கள். மீட்டரிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்குப் போகும் 4–20 மில்லி ஆம்பியர் லூப்பில் 12 மில்லி ஆம்பியர் கொடுங்கள், கன்ட்ரோல் ரூம் திரையில் மீட்டரில் செட் செய்த ரேஞ்சில் சரிபாதி வர வேண்டும். வராவிட்டால் ஸ்கேலிங்கை (மில்லி ஆம்பியரை ஓட்ட அளவாக மாற்றும் செட்டிங்) யாரோ தவறாகப் போட்டிருக்கலாம்.