ஆப்பா, பிரவுசரா, ஸ்டிக்கரா? இடம் சார்ந்த விளம்பர விளையாட்டுக்கு எது சரிப்படும்

ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன டிஜிட்டல் ஏஜென்சி. வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் கேட்பது அநேகமாக இதுதான்: "போக்கிமான் கோ மாதிரி ஒன்று செய்து தர முடியுமா? ஜனங்கள் தெருத்தெருவாகத் தேடி விளையாடி, கடைசியில் நம்ம வாசலில் வந்து நிற்கணும்." முடியும். எந்த வழியில் என்பதில்தான் சண்டை. டெவலப்பருக்குச் சொந்த ஆப் வேண்டும், டிசைனருக்கு ஏஆர் (கேமராக் காட்சியின் மேல் கற்பனை உருவங்களைக் காட்டும் நுட்பம்) வேண்டும், கணக்குப் பார்ப்பவருக்கு நாலு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.

எல்லா வழிகளும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லப் பார்க்கின்றன: விளையாடுபவர் உண்மையிலேயே அந்த இடத்தில் இருக்கிறாரா? இதற்கு எவ்வளவு துல்லியமான பதில் வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நான் பார்த்தவரை, தேவைப்படும் துல்லியம் வாடிக்கையாளர் நினைப்பதைவிடக் குறைவுதான்.

சொந்த ஆப்பும் பிரவுசரும்

இந்தத் தொழிலே 2000 மே மாதத்தில் பிறந்தது என்று சொல்லலாம். அதுவரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை பிசகும். மே 2ஆம் தேதி அந்தத் தடையை எடுத்தார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரெகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் எழுதிவிட்டார். ஜியோகேஷிங் என்ற புதையல் தேடும் விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது.

இன்றைய போனில் திறந்த வானத்தின் கீழ் சுமார் 5 மீட்டர் துல்லியம் கிடைக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே நின்றால் சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்பி, உங்களை எதிர்ச் சாரியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கட்டடத்துக்குள்ளே போய்விட்டால் அதை நம்பவே முடியாது. ஆகவே "10 மீட்டருக்குள் வந்தால்தான் புதையல் திறக்கும்" என்று விதி வைத்தால், புதையலின் மேலேயே நின்றுகொண்டு திட்டுகிறவர்கள்தான் உங்களுக்குக் கிடைப்பார்கள்.

பெயர் வாங்கிய விளம்பரங்கள் எல்லாம் இந்த விஷயத்தில் தாராளமாக இருந்தன. 2010இல் மினி கார் நிறுவனம் ஸ்டாக்ஹோமில் ஒரு மெய்நிகர் காரை வரைபடத்தில் ஓடவிட்டது. அதற்கு 50 மீட்டர் அருகில் போனால் அதை எடுத்துக்கொள்ளலாம், வேறொருவர் நமக்கு 50 மீட்டர் அருகில் வந்தால் அவர் பறித்துக்கொள்ளலாம். கடைசியில் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு நிஜக் கார். 2018 டிசம்பரில் பர்கர் கிங் செய்தது இன்னும் குறும்பானது. போட்டியாளரான மெக்டொனால்ட்ஸ் கடைக்கு 600 அடிக்குள், அதாவது சுமார் 180 மீட்டருக்குள், போய் நின்று ஆப்பைத் திறந்தால் ஒரு சென்ட்டுக்கு ஒரு வாப்பர் பர்கர். 180 மீட்டர் என்பது ஒரு கடையின் அளவு அல்ல, ஒரு தெருவின் அளவு. அதுவே போதுமாக இருந்தது.

இந்த இரண்டாவது உதாரணத்தைக் காட்டித்தான் பலர் "ஆப்தான் வேண்டும்" என்று வாதாடுவார்கள். அங்கே கவனிக்க வேண்டியது வேறு. பர்கர் கிங்குக்கு ஆப்பைத் தரவிறக்க வைப்பதுதான் நோக்கமே. அந்த ஒன்பது நாட்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தரவிறக்கினார்கள். விளையாட்டு முடிந்த பிறகும் அந்த ஆப்பில் ஆர்டர் செய்யலாம். உங்கள் வாடிக்கையாளருக்கு அப்படி ஒரு ஆப் ஏற்கெனவே இருந்தால் விளையாட்டை அதற்குள் சொருகுங்கள், பேச்சே இல்லை. இல்லாவிட்டால், பத்து நாள் விளையாட்டுக்காக இரண்டு வகை போன்களுக்கும் ஆப் எழுதி, ஆப் ஸ்டோர் பரிசோதனைக்குக் காத்திருந்து, தெருவில் மொபைல் டேட்டாவில் நிற்கிறவரிடம் "முதலில் தரவிறக்குங்கள், அப்புறம் பதிவுசெய்யுங்கள், அப்புறம் லொகேஷன் அனுமதி கொடுங்கள்" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு கூட்டம் கழன்றுவிடும்.

ஆப்புக்கென்று ஒரு நிஜமான பலம் உண்டு. போன் பையில் இருக்கும்போதே, ஒரு எல்லைக்குள் நுழைந்ததும் விழித்துக்கொள்ளும். ஜியோஃபென்ஸ் என்பது இதுதான். இதிலும் கட்டுப்பாடு இருக்கிறது. ஐபோனில் ஒரு ஆப் ஒரே நேரத்தில் 20 எல்லைகளைத்தான் கண்காணிக்க முடியும், ஆண்ட்ராய்டில் 100. உங்கள் விளையாட்டில் அறுபது இடங்கள் என்றால், ஐபோனில் அருகிலிருக்கும் இருபதை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிரவுசருக்கு இந்தத் திறமையே கிடையாது. பக்கம் திறந்திருக்க வேண்டும், திரை அணையக் கூடாது.

ஆனால் தேடுதல் விளையாட்டில் எப்படியும் போனைக் கையில் பிடித்துக்கொண்டுதானே நடக்கிறார்கள்? அதனால் திறந்தவெளி விளையாட்டுக்கு நான் பிரவுசர் பக்கம்தான். ஒரு லிங்க், நண்பருக்கு அனுப்பினால் அவரும் அந்த நொடியே சேரலாம். தளம் எச்டிடிபிஎஸ்ஸில், அதாவது பாதுகாப்பான இணைப்பில், இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருப்பிடமே கிடைக்காது. இன்னொன்று: ஐஓஎஸ் 14 முதலும் ஆண்ட்ராய்டு 12 முதலும், "தோராயமான இடம் மட்டும் கொடுக்கிறேன்" என்று பயனர் சொல்லிவிடலாம். அந்தத் தோராயம் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். ஆப், பிரவுசர் இரண்டுக்கும் இது பொருந்தும். வரும் இருப்பிடத்தோடு பிழை அளவும் சேர்ந்தே வருகிறது. அதைப் பார்த்து, "துல்லியமான இடம் தேவை, ஏனென்றால்..." என்று ஒரு வரியில் காரணம் சொல்லிக் கேளுங்கள். காரணம் தெரிந்தால் தருகிறார்கள்.

ஏஆர் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு தகவல். பிரவுசர் ஏஆருக்கான வெப்எக்ஸ்ஆர் தரத்தை ஐபோன் சஃபாரி ஆதரிப்பதில்லை. வேறொருவரின் கருவியைப் பயன்படுத்தித்தான் செய்ய வேண்டும். வெயிலில் திரையே தெரியாதபோது அதில் ஒரு டிராகன் பறந்தால் என்ன, பறக்காவிட்டால் என்ன?

ஒட்டி வைக்கும் வழிகள்

கியூஆர் கோடை 1994இல் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கியது வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க. விளம்பர உலகம் அதை ஒரு காலத்தில் கேலி செய்தது. 2017இல் ஐபோன் கேமராவே நேரடியாக அதைப் படிக்க ஆரம்பித்த பிறகு கேலி குறைந்துபோனது. இடம் சார்ந்த விளையாட்டுக்கு இதன் பெரிய வசதி, லொகேஷன் அனுமதியே கேட்க வேண்டாம். ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அதை ஸ்கேன் செய்தவர் அங்கே இருக்கிறார். தரைக்கடியில், அருங்காட்சியகத்தில், ஜிபிஎஸ் செத்துப்போகும் எல்லா இடத்திலும் இது வேலை செய்யும். உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அச்சிட்டால் சுமார் 30 சதவீதம் வரை சிதைந்தாலும் படிக்கும்.

அச்சடிக்கும்போது ஒரு பழைய கணக்கு உதவும்: படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம். மூன்று மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய வேண்டுமானால் 30 சென்டிமீட்டர். கோடுக்குள் உங்கள் சொந்த டொமைனின் குட்டி முகவரியை வையுங்கள், அங்கிருந்து வேண்டிய பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். அச்சான பிறகு விளையாட்டின் வரிசை மாறினாலும் ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டியதில்லை.

பலவீனம் ஊரறிந்தது. ஒருவர் படமெடுத்துக் குழுவில் போட்டால் போதும், சோபாவில் படுத்திருக்கும் நூறு பேர் விளையாட்டை முடித்துவிடுவார்கள். இதற்கு என்எஃப்சி டேக், அதாவது போனை அருகில் காட்டினால் படிக்கும் சின்ன சிப், ஒரு பதில். சில சென்டிமீட்டர் நெருங்கினால்தான் படிக்கும், 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் முதல் தனி ஆப் இல்லாமலே தொட்டால் திறக்கும். ஆனால் சாதாரண டேக்கில் இருப்பதும் ஒரு லிங்க்தான், திறந்ததும் அதை நகலெடுத்து அனுப்பலாம். ஒவ்வொரு தொடுதலுக்கும் புதிய குறியீட்டைத் தரும் டேக்குகள் இருக்கின்றன, விலை கூடுதல். உலோகப் பரப்பில் ஒட்டினால் சாதாரண டேக் வேலை செய்யாது. போனின் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று தெரியாமல் விளையாடுபவர் தடவிக்கொண்டே நிற்கும் காட்சியையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத் பீக்கன் என்பது அருகிலிருக்கும் போன்களுக்குச் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கருவி. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2013இல் ஆப்பிள் ஐபீக்கனைக் கொண்டுவந்தபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஆப் இல்லாமலே ஆண்ட்ராய்டில் அறிவிப்பு காட்டும் வசதியைக் கூகுள் கொடுத்தது, தொல்லை அறிவிப்புகள் பெருகியதால் 2018 இறுதியில் நிறுத்திவிட்டது. இப்போது ஆப் கட்டாயம், பேட்டரி மாற்ற ஆள் வேண்டும், கூட்டம் கூடினால் மனித உடல்களே சிக்னலை விழுங்கித் தூரக் கணக்கைக் குழப்பும். நிரந்தரக் கண்காட்சிக்குச் சரி. பத்து நாள் கேம்பெயினுக்கு வேண்டாம்.

எதை ஒட்டினாலும் அனுமதி வாங்கிவிட்டு ஒட்டுங்கள். 2007 ஜனவரியில் பாஸ்டனில், ஒரு கார்ட்டூன் விளம்பரத்துக்காகப் பாலங்களிலும் பொது இடங்களிலும் வைத்த சின்னச் சின்ன எல்ஈடி பலகைகளை வெடிகுண்டு என்று நினைத்துப் போலீஸ் சாலைகளை மூடியது. அந்த விளம்பரத்துக்குப் பின்னாலிருந்த டர்னர் நிறுவனமும் அதன் விளம்பர ஏஜென்சியும் சேர்ந்து 20 லட்சம் டாலர் கொடுக்க வேண்டிவந்தது. அடுத்த மாதமே அதே ஊரில், டாக்டர் பெப்பர் பானத்துக்கான நாணய வேட்டையில் ஒரு நாணயத்தைப் பழைமையான கல்லறைத் தோட்டத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். தெரியவந்ததும் நகராட்சி கதவைப் பூட்டிவிட்டது. பாஸ்டன்காரர்களின் பொறுமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பெரியவர்கள் வீட்டில் ஒண்டுவது

நேரடியாகப் போக்கிமான் கோவிலேயே இடம் வாங்கினால் என்ன? 2016 ஜூலையில் ஜப்பான் மெக்டொனால்ட்ஸ் அதைத்தான் செய்தது, ஏறத்தாழ 3,000 கடைகள் விளையாட்டுக்குள் வந்தன. ஆட்களைத் திரட்டும் வேலை மிச்சம், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் கூட்டம் வந்துசேரும். பல கிளைகள் உள்ள நிறுவனத்துக்கு இது நல்ல வியாபாரம். ஒரு சின்ன ஏஜென்சிக்கு இதில் செய்ய வேலையே இல்லை. கதை அவர்களுடையது, விதி அவர்களுடையது, யார் எதற்காக வந்தார் என்ற தகவலும் அவர்களுடையது. வந்தவர் பொம்மையைப் பிடித்துவிட்டுப் போர்டைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் போகலாம்.

ஆயுளும் உங்கள் கையில் இல்லை. இதே மாதிரி இடம் சார்ந்த விளையாட்டான மைக்ரோசாஃப்ட்டின் மைன்கிராஃப்ட் எர்த் 2021 ஜூனில் மூடப்பட்டது. போக்கிமான் கோவை உருவாக்கிய நியாண்டிக் 2019இல் வெளியிட்ட விஸார்ட்ஸ் யுனைட் 2022 ஜனவரியோடு நின்றது. 2025இல் தன் விளையாட்டுகளை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு விற்பதாக நியாண்டிக் அறிவித்தது. ஜியோகேஷிங்கிலும் நுழையலாம் என்பார்கள். அங்கே விளம்பர வாசனை அடிக்கும் பெட்டிகளை முன் அனுமதியில்லாமல் வைக்க முடியாது. அந்தச் சமூகம் தன் காட்டைத் தானே காவல் காக்கும்.

பெரியவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறொன்று இருக்கிறது. தங்கள் வீட்டு வாசலில் கூட்டம் கூடுகிறது என்று வீட்டுக்காரர்கள் நியாண்டிக் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2019 சமரசத்தில், தனி வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் இருக்கும் விளையாட்டு இடங்களைப் பற்றிப் புகார் செய்தால் நீக்க வழி செய்யப்பட்டது. நீங்களும் இடம் தேர்ந்தெடுக்கும்போதே வீடுகளையும் மருத்துவமனைகளையும் விலக்கிவிடுங்கள்.

யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று

தொழில்நுட்பமே இல்லாத வழியும் போட்டியில் இருக்கிறது: கேள்வி. "அந்தக் கதவுக்கு மேலே எத்தனை சிங்கங்கள்?" என்று மெசேஜில் கேட்டு, சரியான எண் வந்தால் அடுத்த குறிப்பை அனுப்புவது. அனுமதி கேட்க வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம், பழைய போனிலும் ஓடும். எனக்கு இதுதான் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் விளையாடுபவர் திரையை விட்டுக் கண்ணைத் தூக்கி இடத்தைப் பார்க்கிறார். இடம் சார்ந்த விளையாட்டில் இடத்தைப் பார்க்க வைப்பது இந்த வழி மட்டும்தான். விடை கூகுள் தெருப்படங்களில் தெரிகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏமாற்றுகிறவர்களை என்ன செய்வது? எல்லா வழியிலும் ஏமாற்றலாம். ஆண்ட்ராய்டில் போலி இருப்பிடம் காட்டுவது பெரிய வித்தையல்ல, பிரவுசரிலும் அப்படியே. போன இடத்தைப் பதிவுசெய்யும் ஃபோர்ஸ்கொயர் ஆப்பில், ஒரு இடத்துக்கு அடிக்கடி வருபவருக்குக் கிடைக்கும் வெறும் "மேயர்" பட்டத்துக்காக வீட்டிலிருந்தே செக்-இன் செய்தார்கள், பரிசு இருந்தால் கேட்கவா வேண்டும்? பூட்டுமேல் பூட்டு போடுவதைவிட, கடைசிக் கட்டத்தை ஒரு மனிதரிடம் கொடுப்பது மேல். முதல் ஏழு இடங்களை எப்படி வேண்டுமானாலும் கடக்கட்டும், எட்டாவதில் கவுன்டரில் இருப்பவரிடம் ஒரு சங்கேதச் சொல்லைச் சொன்னால்தான் பரிசு. வாடிக்கையாளர் கேட்டதும் வாசலில் ஆள் வந்து நிற்பதைத்தானே!

தகவல் சேகரிப்பிலும் கை அடக்கம் வேண்டும். இருப்பிடம் தனிநபர் தகவல் என்று ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டமே சொல்கிறது. ஒருவர் நடந்த பாதை முழுவதையும் சேமிக்காதீர்கள். "நான்காவது இடத்தை இத்தனை மணிக்கு அடைந்தார்" என்பது போதும். எந்த இடத்தில் ஆட்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அறிக்கையில் வாடிக்கையாளருக்கு உருப்படியாகப் பயன்படுவதும் அதைக் காட்டும் ஒரு வரைபடம்தான்.

என்னைக் கேட்டால், தெருவில் நடக்கும் விளையாட்டுக்குப் பிரவுசரும் கேள்விகளும், கட்டடத்துக்குள் கியூஆர், பரிசு பெரிதாக இருந்தால் கடைசி இடத்தில் மட்டும் புதுக் குறியீடு தரும் என்எஃப்சி என்றுதான் தொடங்குவேன். மதிப்பீட்டில் ஒரு வரியை மட்டும் யாரும் எழுதுவதில்லை: முடிந்த பிறகு என்ன? பீக்கன் பேட்டரி தீர்ந்து அடங்கிவிடும், ஆப்பை ஸ்டோரிலிருந்து எடுத்துவிடலாம். எங்கோ உரிக்க மறந்த ஸ்டிக்கர் மட்டும் வருடக்கணக்கில் இருக்கும். அதிலுள்ள டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால், வேறு எவராவது வாங்கி, வாடிக்கையாளரின் லோகோவுக்குக் கீழே இருக்கும் கோடை எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும் திருப்பிவிடலாம். அந்தப் புதுப்பிப்புச் செலவையும் ஸ்டிக்கர் உரிக்கும் கூலியையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் ஒருவரும் தர மாட்டார்கள்.