பீப்பாவுக்குள் நல்ல பிள்ளை: பழைய மண்ணெண்ணெய் எஞ்சினோடு என் பாடு

பூநகரிப் பக்கம் ஒரு 15 குதிரைவலு மண்ணெண்ணெய் போட் எஞ்சின் விலைக்கு வந்திருக்கிறது, வாங்கட்டோ என்று மச்சான் கேட்டிருக்கிறான். என்னிடம் இருக்கிற அதே ஜப்பான் எஞ்சின், ஏறக்குறைய அதே வயசு. விற்கிறவர் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி ஸ்ராட் பண்ணிக் காட்டினாராம். "ரெண்டாம் இழுவையில பிடிச்சுது மச்சான், சத்தம் தங்கம்" என்கிறான். பீப்பாவுக்குள் என்னுடையதும் தங்கம்தான்.

ரெண்டு சிலிண்டர், ரூ ஸ்ரோக், பெற்றோலில் பிடிக்க வைத்துச் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவது, இதெல்லாம் எங்கள் மன்னார்ப் பேசாலைக் கரையில் நிற்கிற சின்னப் பொடியனுக்கும் தெரியும். அதை எழுதி மினைக்கெட மாட்டேன். யுத்தம் முடிந்த கையோடு வாங்கிய எஞ்சின் இது. இவ்வளவு காலம் என் வீட்டு அடுப்பை எரிய வைத்ததும் இதுதான். ஆனால் பாரம் விழுந்தால் நின்றுவிடுகிற அந்த ஒரு குணத்தால் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

வெறும் போட்டில் போனால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வலை, ஐஸ் பெட்டி, மூன்று ஆட்கள் என்று ஏற்றிக்கொண்டு, அணியத்தை, போட்டின் முன்பக்கத்தை, அலைக்குக் கொடுத்து முழு வேகம் பிடித்தால்தான் வேலையைக் காட்டும். கொஞ்ச நேரம் நன்றாக இழுக்கும். பிறகு சத்தம் ஒரு படி இறங்கும். கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் ஏறாது. ரெண்டு தரம் இருமிவிட்டு நிற்கும். கொஞ்சம் பொறுத்துக் கயிற்றை இழுத்தால், நான் எப்ப நிண்டனான் என்று கேட்காத குறையாகப் பிடிக்கும். திரும்ப முழு வேகம், திரும்ப அதே கூத்து.

இதைத் திருத்துகிறவரிடம் கொண்டுபோனால் அவர் செய்கிற முதல் வேலை பீப்பாவுக்குள் இறக்குவது. பீப்பாவுக்குள் எஞ்சினுக்கு என்ன பாரம்? புறொப்பெலர் அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றிக் கலக்கும், அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு "இதில ஒண்டுமில்லை அண்ணை" என்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி விட்டால் பரவாயில்லை, ஒன்றுமில்லாததற்கே ஒவ்வொரு சாமானாக மாற்றத் தொடங்குவார்கள். பிளக் மாற்றினார்கள். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். சூடேறினால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில் விடுகிறது என்று ஒருவர் சொல்ல, கொயிலும் புதிசு வந்தது. கொயில் சூட்டில் விடுவது உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் சூட்டில் விட்ட கொயில், அதே சூட்டோடு ஒரு நிமிஷத்தில் எப்படித் திரும்பப் பிடிக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. சாமானுக்கும் கூலிக்கும் மட்டும் பதில் உடனே வரும்.

கரையில் இருக்கிறவர்களின் கேள்வி இன்னொன்று: "ராங்க் மூடியில காத்துத் திருகாணியைத் திறந்தனீரோ?" திறந்தேன். முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவனிடம் இதைக் கேட்காத ஆள் பேசாலையில் இல்லை. நியாயமான கேள்விதான், அது மூடியிருந்தால் ராங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வராது, எஞ்சின் இதே மாதிரித்தான் நிற்கும். ஆனாலும் எத்தனை தரம் பதில் சொல்வது?

பெற்றோல் எஞ்சின் கடலில் நின்றால் அது ஒரு தொல்லை, மண்ணெண்ணெய் எஞ்சின் நின்றால் அது வேறு சாதித் தொல்லை. ஒழுங்காகக் கரைக்கு வந்தால், நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓட விட்டுத்தான் நிறுத்துவோம். அப்போதுதான் காபரேற்றருக்குள் பெற்றோல் நிற்கும், அடுத்த நாள் குளிரிலும் பிடிக்கும். நடுக்கடலில் தானாக நின்றால் உள்ளே இருப்பது முழுக்க மண்ணெண்ணெய். உடனே இழுத்தால் சூட்டில் பிடிக்கும். வலையில் எதுவோ சிக்கியது என்று பார்த்துக்கொண்டு கொஞ்சம் ஆறவிட்டீர்களோ, தோள் கழன்று விழும் வரைக்கும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காபரேற்றரின் அடித் திருகாணியைக் கழற்றி எண்ணெயை வடித்து, பெற்றோலை உள்ளே விட்டால்தான் உயிர் வரும்.

அதற்கென்றே போட்டில் ஒரு சூப்பிப் போத்தல் வைத்திருக்கிறேன். இளம் பொடியளுக்குச் சிரிப்பாக இருக்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் எல்லாம் ஓடியது இப்படித்தான்: சூப்பியால் நாலு துளி பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணுவது, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டம். அந்த வித்தையை வைத்து ஒரு முழுத் தலைமுறை ஊர் சுற்றியது. இந்த எஞ்சினோடு நான் இன்னும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறேன்.

இதுவும் பகலில் என்றால் சரி. திங்கள், புதன், சனி என்றால் இராமேஸ்வரம் பக்கத்து இழுவைப் படகுகள் வெளிக்கிடுகிற நாள். இரவில் அவற்றின் வெளிச்சம் வரிசையாக வந்துகொண்டிருக்க, கடலில் விட்ட வலையைத் தூக்கிக்கொண்டு விலகவும் முடியாமல், கையில் சூப்பிப் போத்தலோடு குனிந்து நிற்பவனின் வாயிலிருந்து எஞ்சினைப் பற்றி என்ன வார்த்தை வரும் என்று நினைக்கிறீர்கள்? இங்கே எழுத முடியாது.

சரி, குற்றம் எங்கே இருந்தது?

கண்டுபிடிக்க ஒரு சதம் செலவில்லை. ஒரு நாள் மண்ணெண்ணெய்க்குத் திருப்பாமல், முழுப் பாரத்தோடு பெற்றோலிலேயே கடலுக்கு விட்டேன். நிற்கவில்லை. திருகத் திருக இழுத்தது. அந்த ஒரு ஓட்டத்தோடு பாதி எஞ்சின் வழக்கிலிருந்து விடுதலை. பிளக், கொயில், கொம்பிறெசன், கரி அடைத்த புகைக்குழாய் இதில் எது குற்றவாளி என்றாலும் பெற்றோலிலும் நின்றிருக்க வேண்டும். எஞ்சின் மேலே உள்ள எண்ணெய்ப் பம்பும் காபரேற்றரும் ரெண்டு எண்ணெய்க்கும் ஒன்றுதான், அவையும் தப்பின. மிஞ்சியது மண்ணெண்ணெய் ராங்கிலிருந்து, பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றுகிற திருப்பிக் கட்டை வரைக்கும் வருகிற வழி மட்டும். புறொப்பெலரின் ரப்பர் புஷ் வழுக்குகிறது என்று சொன்னவருக்கும் ஒரு பதில்: புஷ் வழுக்கினால் எஞ்சின் நிற்காது, அலறும், போட்தான் நகராது.

அடுத்தது, மண்ணெண்ணெய்க்குத் திருப்பி, ஓடுகிற நேரத்தில் வழியிலுள்ள கைப்பம்பை, அந்த ரப்பர் பல்ப்பை, ஒருவனைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். சத்தம் இறங்கத் தொடங்கிய நேரம் "அண்ணை, பல்ப் சப்பளிஞ்சு போச்சு" என்றான். அதுதான் விஷயம். எஞ்சின் இருமும்போது பல்ப் இப்படித் தட்டையாகச் சப்பளிந்தால், பல்ப்புக்கும் ராங்குக்கும் இடையில் எதுவோ வழியை மறிக்கிறது. பல்ப் சப்பளியாமல் தொளதொளத்துக் கிடந்து, கையால் அமுக்க அமுக்க எஞ்சின் ஓடினால், பம்பின் தோல் களைத்துவிட்டது அல்லது எங்கேயோ காற்று இழுக்கிறது. அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்றால் எண்ணெய் வழியை விட்டுவிட்டு வேறு இடத்தைத் தேடலாம். இவ்வளவையும் எனக்கு எந்தத் திருத்துகிற ஆளும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தந்தால் கொயில் எப்படி விற்பது?

காத்துத் திருகாணி திறந்தபடி. ராங்குக்குள் இறங்குகிற குழாயின் வலைச் சல்லடை சுத்தம். பிறகு ராங்குக்கும் பல்ப்புக்கும் இடையிலுள்ள ரியூப்பைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன், தாராளமாகப் போனது. உறிஞ்சிப் பார்த்தேன், கொஞ்சம் வந்து அடைத்தது. பிளேட்டால் நீளத்துக்குக் கீறி விரித்தேன். வெளியே பார்க்க நல்ல தடிப்பான கறுப்பு ரியூப். உள்ளே மெல்லிய தோல் ஒன்று சுவரை விட்டுக் கழன்று, நாக்கு மாதிரி மடிந்து தொங்கியது. மண்ணெண்ணெயில் ஊறி விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மெதுவாக எண்ணெய் போகும்போது அந்த நாக்கு சுவரோடு படுத்துக் கிடக்கும். முழு வேகத்தில் இந்த எஞ்சின் மணிக்கு ஏழெட்டு லீற்றர் குடிக்கிறது. அந்த இழுவையில் நாக்கு எழும்பி வழியை மூடும். எஞ்சின் நின்றதும் இழுவை போய்த் திரும்பவும் படுத்துவிடும். பீப்பாவுக்குள் பாரமில்லாமல் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற எஞ்சினுக்கு இது எப்படித் தெரியும்?

எண்ணெய்க்கென்று செய்யாத ரியூப் அது. முன்பு ஒருவர் திருத்தியபோது மலிவாகப் போட்டுவிட்டது. ஒரு மீற்றர் சரியான ரியூப்பின் விலை, நான் மாற்றிய கொயிலின் விலைக்குக் கிட்டவும் வராது.

அதோடு முடிந்தது என்றால் எஞ்சினை மட்டும் திட்டிவிட்டுப் போயிருப்பேன். ரியூப் மாற்றிய பிறகும் மாரியில் இடைக்கிடை இருமல் வந்தது. அது எண்ணெயின் குற்றம். வெளியே கிடக்கிற எண்ணெய்ப் பீப்பாய் பகலில் சூடாகி இரவில் குளிர்ந்து ஈரத்தை உள்ளே இழுக்கும், தண்ணீர் பாரம் கூடியது என்பதால் அடியில் போய் உட்காரும். வாங்கிய மண்ணெண்ணெயை ஒரு கண்ணாடிப் போத்தலில் விட்டு ஒரு இரவு வைத்தால் அடியில் முத்து முத்தாகத் தெரியும். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனபோது, அந்தத் தண்ணீரையும் 340க்கு வாங்கினோம். பிறகு இறங்கினாலும் பழைய விலைக்கு வரவேயில்லை. மண்ணெண்ணெய் மலிவு என்றுதானே இந்தச் சூடாக்கல், திருப்பல், சூப்பி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம்? அந்த மலிவு போன பிறகு கரி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் கியர் பெட்டியை நான் திறந்ததில்லை, ஒயில் மாற்றியதோடு சரி. எஞ்சினைக் குளிராக்குகிற தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரை அவ்வப்போது மாற்றினால் பக்கத்தால் பீச்சுகிற தண்ணீர் குறையாது. கரைக்கு வரும்போது எஞ்சினைச் சரித்துத் தூக்கினால் முழங்கால் தண்ணீரிலும் போட் ஏறும். ஆணி கழற்றத் தெரிந்த எவனும் வெறும் ரெண்டு ஸ்பனரோடு முக்கால்வாசியைக் கழற்றிப் பூட்டலாம். புதிசாக வருகிற போர் ஸ்ரோக் எஞ்சின்கள் எண்ணெய் குறைவாகக் குடிக்கும், சத்தமும் இல்லை, உண்மைதான்; நடுக்கடலில் அவற்றில் ஒன்றைத் திறந்து பார்க்கச் சொன்னால் நான் மூடியோடு நின்றுவிடுவேன். என்னுடையதை விலை கேட்டு ரெண்டு பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதுமில்லை.

மச்சான், நீ வாங்காதே.

எனக்கு இதன் குணம் தெரியும், உனக்குப் பொறுமை இல்லை. கேட்க மாட்டாய் என்பதும் தெரியும். போகிறதென்றால் பீப்பா வேடிக்கையைப் பார்க்காமல், மூன்று பேரை ஏற்றிக் கடலுக்கு விடச் சொல்லு. முதலில் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய், ரெண்டிலும் முழு வேகம், கண் பல்ப்பில் இருக்கட்டும். கடலுக்கு இறக்க அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிடு. இறக்கி, பல்ப் சப்பளிந்து, எஞ்சினும் அங்கேயே நின்றுவிட்டால் ஒன்றும் தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு விலையில் பாதியைக் கேள். தந்தால் தூக்கிக்கொண்டு வா, ரியூப் நான் வாங்கித் தருகிறேன்.