‘கேஸே இல்ல ஆன்ட்டி’: 679 வெள்ளி ஏர்கோன் பில்லைப் பிரித்துப் பார்த்தால்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாடிவீடு. படுக்கையறையில் 1 எச்பி இன்வெர்ட்டர் ஏர்கோன், ஆர்32 கேஸ், வாங்கி நான்கு வருடம். உள் மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டியது, குளிரும் குறைந்துபோனது. ‘சர்வீஸ் 49 வெள்ளி மட்டும்’ என்ற ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் வந்து, ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்து நீட்டிய பில் இது (வெள்ளி என்றால் ரிங்கிட்):

சர்வீஸ் – 49.00
கேஸ் டாப்-அப், 60 பிஎஸ்ஐ × 4 வெள்ளி – 240.00
கெப்பாசிட்டர் – 160.00
கெமிக்கல் வாஷ் – 120.00
டிரெயின் பைப் அடைப்பு – 60.00
எஸ்எஸ்டி 8% – 50.32
மொத்தம் – 679.32

வீட்டு அம்மா தயங்கியபோது வந்தவர் அழுத்தத்தைப் பிஎஸ்ஐ கணக்கில் காட்டும் கேஜைக் காட்டியிருக்கிறார். “பாருங்க ஆன்ட்டி, 90தான் நிக்குது. கேஸே இல்ல.” ஊசி 90இல் நின்றது உண்மை. கேஸ் இல்லை என்பதுதான் அதிலிருந்து கிடைக்காத முடிவு.

ஏர்கோனில் உள்ள கேஸ், காரில் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ ஒழுகல் இருக்கிறது என்று பொருள். ஒழுகலைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றினால் இரண்டே முடிவுகள்: உண்மையில் ஒழுகியிருந்தால் சில மாதத்தில் மறுபடி இறங்கும், ஒழுகவில்லை என்றால் தேவையில்லாத கேஸ் உள்ளே போய் கம்ப்ரஸர் திணறும், கரண்ட் பில் ஏறும். ‘வருடத்துக்கு ஒருமுறை கேஸ் டாப்-அப் பண்ணணும்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

அப்படியானால் ஊசி ஏன் 90இல் நின்றது? ஆர்32 மெஷின் ஓடும்போது தடிமனான குழாய்ப் பக்கம் நம் ஊர் வெயிலில் சுமார் 110 முதல் 150 பிஎஸ்ஐ வரை காட்டும். உள் மெஷினின் ஃபில்டரும், கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயிலும் தூசியால் அடைத்துக்கொண்டால், காயிலுக்குப் போதிய காற்று போகாது. உள்ளே திரவமாக வரும் கேஸ் கொதித்து ஆவியாக வெப்பம் கிடைக்காது. அழுத்தம் இறங்கும், காயிலில் பனி பிடிக்கும், அது உருகும்போது தட்டு நிரம்பித் தண்ணீர் சொட்டும். இந்த வீட்டில் சொன்ன கோளாறு இரண்டுமே அதுதான். வேலைக்கு வந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேஜ் படத்தின் நேரம் காலை 10.20. காயிலில் தண்ணீர் அடிக்கும் படம் 10.50. அதாவது, கழுவுவதற்கு முன்பே அழுத்தத்தைப் பார்த்துக் கேஸ் இல்லை என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. முதலில் கழுவி, மூடி, 16 டிகிரியில் ஃபேனை ஹையில் வைத்து 15 நிமிடம் ஓட்டி, அப்புறம் கேஜ் மாட்டியிருந்தால் ஊசி தானாகவே ஏறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வரிசையை மாற்றினால் 240 வெள்ளி.

இது அறியாமையாகக்கூட இருக்கலாம். வேண்டுமென்றே செய்யும் வித்தைகள் வேறு. வெளி மெஷினின் பக்கவாட்டில் இரண்டு வால்வுகள், பித்தளை மூடியோடு இருக்கும். மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் கொஞ்சம் திருகி மூடினால் ஊசி மளமளவென்று விழும். கழற்றி இடம் மாற்றும்போது கேஸை வெளி மெஷினுக்குள் இழுத்து வைக்கச் செய்யும் அதே முறைதான். உங்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, சிலிண்டர் ஹோஸை மாட்டி, வால்வைத் திரும்பத் திறந்தால் ஊசி ‘ஏறும்’. ஒரு கிராம் கேஸ் செலவில்லை. இன்னொன்று, ஹோஸ் மாட்டும்போது ‘ஸ்ஸ்’ என்று நீளமாகக் கேஸை வெளியே விடுவது. ஹோஸில் உள்ள காற்றைத் தள்ள ஓரிரு விநாடி சத்தம் வருவது வழக்கம். பத்து விநாடி வந்தால் உங்கள் கேஸ்தான் போகிறது. ஆகவே கேஜ் மாட்டுவதிலிருந்தே பக்கத்தில் நில்லுங்கள். ஊசி விழுந்த பிறகு கூப்பிட்டுக் காட்டுவதற்கு மதிப்பே கிடையாது. மெஷினை நிறுத்திவிட்டுப் பார்க்கும் எண்ணும் அப்படித்தான்: 30 டிகிரி வெயிலில் ஆர்32 சுமார் 265 பிஎஸ்ஐ காட்டும், உள்ளே பாதி கேஸ் இருந்தாலும் ஏறக்குறைய அதே எண்தான்.

பிஎஸ்ஐ கணக்கில் காசு வாங்குவதே கோணல் கணக்கு. பிஎஸ்ஐ அழுத்தம், அளவு அல்ல. வெளியே மேகம் மூடினால் மாறும், அறையில் நாலு பேர் உட்கார்ந்தால் மாறும். கேஸின் அளவு கிராமில்தான். வெளி மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள்: கேஸின் பெயரும் எடையும் அச்சடித்திருக்கும். 1 எச்பி ஆர்32 மெஷினுக்குப் பெரும்பாலும் அரை கிலோ அளவுதான், மொத்தமே. ஏற்றுவதற்கு முன் சிலிண்டரைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள், ஏற்றிய பின் மறுபடி. அவரிடம் டிஜிட்டல் தராசு இல்லையா? விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு உங்கள் வீட்டில் இருந்தால் அது போதும். 200 கிராம் ஏற்றியதாகப் பில் போட்டால் சிலிண்டர் 200 கிராம் இளைத்திருக்க வேண்டும். இதைச் சிரித்துக்கொண்டே கேட்டாலே பல பேருக்குக் கேஸ் திடீரென்று ‘ஓகேதான் ஆன்ட்டி’ ஆகிவிடும்.

உண்மையிலேயே ஒழுகும் மெஷினுக்கு அடையாளம் உண்டு. காற்று பழைய வேகத்தில் வரும், குளிர் மட்டும் வராது. வெளி மெஷினில் மெல்லிய குழாயின் வால்வருகே பனி படியும். குழாயை இணைக்கும் பித்தளை நட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய கறுப்புத் தூசியும் இருக்கும். கேஸ் தப்பும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து வரும். சவர்க்கார நுரை தடவினால் குமிழி விடும். அப்போது செய்ய வேண்டிய வேலை பெரியது: மிச்சக் கேஸை எடுப்பது, குழாய் முனையைப் புதிதாக விரித்து நட்டை முடுக்குவது, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பது, குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்க வாக்குவம் பம்பை 20, 30 நிமிடம் ஓட்டுவது, தகட்டில் உள்ள எடைக்குக் கேஸை அளந்து விடுவது. இவ்வளவையும் செய்து 300 வெள்ளி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கலாம். பத்து நிமிடத்தில் ஹோஸ் மாட்டிக் கழற்றியதற்கு 240 கொடுக்க முடியாது.

அடுத்து கெப்பாசிட்டர். பில்லில் எனக்கு எரிச்சல் மூட்டிய வரி இதுதான். சாதாரண, இன்வெர்ட்டர் அல்லாத ஏர்கோனில் கம்ப்ரஸரைக் கிளப்பவும் ஓட்டவும் வெள்ளி நிற டப்பா போன்ற ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், 25 முதல் 35 மைக்ரோஃபாரட் வரை. அது பழுதாகும், மாற்றத்தான் வேண்டும்; மீட்டரில் வைத்தால் அச்சிட்ட அளவுக்கு வெகு கீழே காட்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸருக்கு அந்த டப்பாவே கிடையாது, அதை ஓட்டுவது பிசிபி என்ற மின்னணுப் போர்டு. இல்லாத சாமானை எதற்குப் பதிலாக மாற்றினார்? பழையதைக் கேட்டபோது ‘தூக்கிப் போட்டாச்சு’ என்றாராம். கழற்றிய எந்தச் சாமானும் உங்களுடையது, வேலை தொடங்கும் முன்பே ‘பழச குடுத்துட்டுப் போங்க தம்பி’ என்று சொல்லிவையுங்கள். சாதாரண மெஷினாக இருந்தாலும் புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் கெப்பாசிட்டர் விலையைக் கேட்டுப் பாருங்கள். 160 என்பது கூலியைச் சேர்த்தாலும் தாறுமாறு.

பிசிபி போய்விட்டது என்று சொன்னால் உடனே பொய் என்று நினைக்க வேண்டாம். இடி மின்னலுக்கு நம் ஊரில் போர்டுகள் போகும். பல்லி உள்ளே நுழைந்து போர்டின் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒட்டி உலர்ந்துபோய் ஷார்ட் ஆவது அன்றாடக் கதை. ஆனால் கருகிய இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புதுப் போர்டின் பெட்டியில் உள்ள பாக நம்பர் உங்கள் மெஷினின் மாடலுக்கு உரியதா என்று அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும், விலையும் சேர்த்து.

‘சர்வீஸ் 49’, ‘கெமிக்கல் வாஷ் 120’ இரண்டையும் ஒரே மெஷினுக்கு ஒரே நாளில் போடுவது, குளித்ததற்கும் முகம் கழுவியதற்கும் தனித்தனியே வாங்குவது மாதிரி. கெமிக்கல் வாஷில் ஃபில்டர், காயில், ஃபேன் சக்கரம், தண்ணீர்த் தட்டு எல்லாமே அடக்கம். தட்டைக் கழுவியதும் டிரெயின் பைப்பில் உள்ள பாசியை ஊதி எடுப்பதும் அதே வேலையின் வால்தான். சுவருக்குள் போகும் பைப்பை உடைத்து மாற்றினால் ஒழிய 60 தனியாக வராது. ஆனால் கெமிக்கல் என்ற பெயரில் முன்மூடியைத் திறந்து காயிலில் மட்டும் மருந்து அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஃபேன் சக்கரத்தின் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள், கறுப்புச் சேறு இன்னும் இருந்தால் வேலை முடியவில்லை. உள் மெஷினையே கழற்றிக் கீழே கொண்டுபோய்க் கழுவினால் விலை கூடும், அது நியாயம். அப்போதும் கேஸை முதலில் வெளி மெஷினுக்குள் இழுத்து வைத்திருக்க வேண்டும், திரும்ப மாட்டியதும் வாக்குவம் போட வேண்டும். ‘கழட்டுனதுல கேஸ் போயிருச்சு, டாப்-அப் தனி’ என்றால் அது அவருடைய கைத்தவறு.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சுவர் ஏர்கோன் ஒன்றுக்குச் சாதாரண சர்வீஸ் 80 முதல் 120 வரையும், கெமிக்கல் 120 முதல் 200 வரையும் வழக்கமாகக் கேட்கிறார்கள். செந்தூல் வீட்டு வேலைக்கு 150, 180 நியாயமான தொகை. இரண்டு ஆள் கூலி, பெட்ரோல், டோல், நெரிசலில் போன நேரம், பம்பு, மருந்து எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். ஏணி எட்டாத கொண்டோ மாடியில், பால்கனி இல்லாமல் வெளிச்சுவரில் தொங்கும் மெஷினுக்கு இன்னும் கூடக் கேட்பார்கள், கேட்கட்டும். கூலி அதிகம் என்பது ஏமாற்று ஆகாது. சொல்லப்போனால் 49 வெள்ளி விளம்பரம்தான் ஆபத்து. அந்தக் காசில் இரண்டு பேர் வந்து போகவே கட்டாது. மிச்சத்தைக் கேஸில் எடுத்தாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

எஸ்எஸ்டி வரி பற்றி ஒரு வார்த்தை. சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு, உண்மை. ஆனால் சுங்கத் துறையில் பதிந்த வியாபாரம்தான் அதை வசூலிக்கலாம். ஆண்டு வருமானம் 500,000 ரிங்கிட்டைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிந்தவரின் பில்லில் பதிவு எண் இருக்கும், அதை மைஎஸ்எஸ்டி தளத்தில் தட்டிப் பார்க்கலாம். இந்தப் பில்லில் எண் இல்லை. எஸ்எஸ்எம் (கம்பெனிப் பதிவு) எண் இல்லை. முகவரியும் இல்லை. ஒரு கைபேசி எண், தனிப்பட்ட பேங்க் கணக்கு, அவ்வளவுதான்.

வேலைக்கு முன் வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று அனுப்பிவையுங்கள்: “1 எச்பி இன்வெர்ட்டர், ஆர்32. கெமிக்கல் வாஷ் எவ்வளவு, டிரெயின் சேர்த்தா? கேஸ் தேவைப்பட்டால் கழுவிய பிறகு கேஜ் பார்த்து, எடை போட்டு ஏற்ற வேண்டும். எந்தச் சாமான் மாற்றுவதானாலும் முதலில் விலை சொல்லி ஓகே வாங்க வேண்டும். பழையது என்னிடம். வாரண்டி எத்தனை நாள்? கம்பெனி பெயர், எஸ்எஸ்எம் எண் அனுப்புங்கள்.” பதில் வராவிட்டால் அடுத்தவர். வேலை முடிந்ததும் சமையலறைத் தெர்மாமீட்டரை மெஷினின் மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும், கீழே குளிர் வரும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். 15 நிமிடம் ஓடிய பின் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது. அதற்குமேல் கேஸ் பேச்சே வேண்டாம்.

பணம் கொடுத்த பிறகுதான் விழித்துக்கொண்டீர்கள் என்றால், மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, திரிபுனல் துந்துதான் பெங்குனா. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் கிடையாது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விலை முன்கூட்டிப் பேசாத வேலைக்கு நியாயமான விலைக்கு மேல் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. கேஜ் படம், பில், பேங்க் ரசீது, தகட்டின் படம், இன்னொரு டெக்னீஷியன் எழுதித் தரும் அறிக்கை, இவை போதும். பினாங்குக்காரர்கள் பயனீட்டாளர் சங்கத்தில் கேட்டுக்கொண்டும் போகலாம். சிக்கல் ஒன்றுதான்: மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். செந்தூல் வீட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.