கிரகணக் கண்ணாடி: பாக்கெட்டில் இல்லாத ஒரு வரி

பாம்பனில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். டல்லாஸில் வேலை பார்க்கும் அண்ணன், 2024 ஏப்ரல் கடைசியில் ஊருக்கு வந்தபோது மீந்துபோன கிரகணக் கண்ணாடிகள் ஆறைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டைச் சட்டம், கறுப்புத் தாள் போன்ற வில்லை. காதில் மாட்டும் பட்டையில் ஐஎஸ்ஓ 12312-2 என்று, சூரியனை நேரே பார்க்கும் கண்ணாடிக்கான சர்வதேசத் தர எண்ணை அச்சடித்திருக்கிறது.

அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். அதனால் முதலில் வீட்டுக்குள் போட்டுப் பார்த்தேன். டியூப் லைட், ஜன்னல் எதுவுமே தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். வெளியே போய் நிமிர்ந்தால் சூரியன் மட்டும் ஆரஞ்சு நிறத்தில், விளிம்பு வெட்டி எடுத்தது மாதிரி தெரிகிறது. அந்த மே மாதம் இரண்டாவது வாரம் இதே கண்ணாடியில் சூரியன்மேல் ஒரு கரும்புள்ளி பார்த்தேன், பாதிக் கடுகு அளவு. அந்தப் புள்ளிக் கூட்டத்திலிருந்து கிளம்பிய சூரியப் புயலால்தான் லடாக்கின் ஹன்லேயில் இரவு வானம் சிவந்தது என்று பிறகு தெரிந்தது. அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொண்டார், நன்றாகத் தெரிந்தது. எங்கள் உப்புக்காற்றில் அட்டைதான் சீக்கிரம் நமத்துப்போகிறது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது வேறொரு காரணத்துக்காக.

2010 ஜனவரி 15, வளையக் கிரகண நாள். மாட்டுப்பொங்கல், தை அமாவாசையும்கூட. அப்போது நாங்கள் தனுஷ்கோடி கம்பிப்பாட்டில் இருந்தோம். மணலில் நெத்திலி காயப் போட்டிருந்தோம். மதியம் ஒரு மணி தாண்டியதும் வெயில் இருந்துகொண்டே சூடு மட்டும் இறங்கியது. நெத்திலியைப் புரட்டின கைக்கு அது முதலில் தெரிந்தது. "வெளியே நிக்காதே தாயி" என்று குடிசைக்குள்ளிருந்து கூப்பிட்ட அம்மா, அப்புறம் அவரே வெளியே வந்துவிட்டார். காரணம், பனையோலைக் கூரையின் ஒவ்வொரு பொத்தலும் அப்போதைய சூரியனின் வடிவத்தை உள்ளே மணல் தரையில் ஒரு வளையமாக விழவைத்திருந்தது. நூற்றுக்கணக்கான வளையல்களைக் கொட்டி வைத்தது மாதிரி. அம்மா ஒரு வளையத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார், வளையம் கைமேல் ஏறிக்கொண்டது. பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது. பூமி சூரியனுக்குக் கிட்டத்தில் இருக்கும் மாதம் ஜனவரி, நிலாவோ அன்று தூரத்தில் இருந்தது. அதனால் நிலாவால் சூரியனை முழுதாக மூட முடியவில்லை, ஓரம் வளையமாக மிஞ்சியது. வளையக் கிரகணத்தில் கடைசிவரை சூரியன் எரிந்துகொண்டேதான் இருக்கும், கண்ணாடியை ஒரு நொடிகூடக் கழற்றக் கூடாது.

முழுக் கிரகணம் அப்படி இல்லை. 2024 ஏப்ரல் 8, டல்லாஸில் மதியம் 1.40. இங்கே நள்ளிரவு 12.10. அண்ணன் வீடியோ காலில் இருந்தார். அங்கே மேகம் விலகி விலகி வந்தது. சட்டென்று திரை இருண்டது, எல்லோரும் கத்துகிற சத்தம். அண்ணன் மட்டும், "ஒண்ணும் தெரியலையே தாயி, ஒரே இருட்டா இருக்கு" என்றார். முகத்தில் கண்ணாடி! பாக்கெட்டில் 'எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்' என்று போட்டிருந்ததாம். அவர் அதை அப்படியே நம்பியிருந்தார். "அண்ணே, கழட்டுங்கண்ணே! இப்ப வெறுங்கண்ணால பாக்கலாம்!" என்று கத்தினேன். டல்லாஸில் இருட்டு மொத்தமே நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் ஒரு நிமிடம் போய்விட்டிருந்தது.

கழற்றினார். பேச்சே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவை எழுப்பு" என்றார். அம்மா தூக்கக் கலக்கத்தில் போனைப் பிடித்துக்கொள்ள, அவர் சொல்லச் சொல்லக் கேட்டோம். நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெள்ளைப் பட்டு நூல் பிரிந்தது மாதிரி ஒளி, கீழ் விளிம்பில் ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு, பக்கத்தில் வெள்ளிக் கிரகம் பளிச்சென்று, சுற்றிலும் அடிவானமெல்லாம் அந்திச் சிவப்பு. அந்த வெள்ளை ஒளிதான் கொரோனா, சூரியனின் வெளிமண்டலம். அது எப்போதும் அங்கேயேதான் இருக்கிறது, சூரியன் முழுதாக மறைந்தால்தான் நம் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி அதை அப்படியே விழுங்கிவிடுகிறது. ஓரத்தில் ஒரு பொறி வைரம் மாதிரி மின்னியதும் மறுபடி போட்டுக்கொண்டார். ஊருக்கு வந்தும் முதல் ராத்திரி அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியேதான் பேசினார்.

அதனால் கண்ணாடிக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். எச்சரிக்கை தப்பில்லை, பாதியில் நிற்கிறது. சூரியன் முழுதாக மறைகிற பாதைக்குள் நின்று, கடைசிப் பொறியும் அணைந்த பிறகு மட்டும் கழற்றலாம், பொறி திரும்பியதும் போட்டுவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இன்னொன்று: இதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்க்கவே பார்க்காதீர்கள், அது வெயிலைக் குவித்து வில்லையைப் பொசுக்கிவிடும்.

2031 மே 21 அன்று மதுரைப் பக்கம் வளையக் கிரகணம் வருகிறது. இந்தியாவில் அடுத்த முழுக் கிரகணம் 2034 மார்ச் 20, காஷ்மீர், லடாக் பக்கம். அண்ணன் அதற்கு எங்களைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று கண்ணாடியை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே மடிக்காமல் வைத்திருக்கிறேன். பாக்கெட்டின் பின்னால் பேனாவால் எழுதியும் வைத்தாகிவிட்டது: "வளையம்னா கழட்டாதே. முழுசா மறைஞ்சா மட்டும் கழட்டு."