எருமையோடு நின்றுவிட்ட அகராதி

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள புத்தகக் கடையில், வீட்டில் தனிப்பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காக, ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றைச் சென்ற மாதம் 480 ரூபாய்க்கு வாங்கினேன். குறைகளைச் சொல்லப் போவதால் பதிப்பகத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். கெட்டி அட்டை, கண்ணை உறுத்தாத எழுத்து, எந்தப் பக்கத்திலும் படிந்து விரியும் தையல் என்று கைக்கு வாகான புத்தகம்தான். ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பதும் பாராட்டுக்குரியது.

புதிய அகராதி எதுவாயினும் நான் முதலில் தேடும் சொல் 'பஃபலோ'. விலங்கு, ஊர், வினை, உணவு என நான்கு வழியில் ஓடும் இந்தச் சொல்லைத் தொகுப்பாளர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்த்தாலே அவருடைய உழைப்பு தெரிந்துவிடும். இந்த அகராதி 'எருமை' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டது.

அந்த ஒரு சொல்லும் பாதிதான் சரி. நம் ஊர்க் குட்டையில் படுத்துக் கிடக்கும் எருமைக்கு அது பொருந்தும். ஆனால் அமெரிக்கர்கள் பேச்சு வழக்கில் பஃபலோ என்று சொல்வது பெரும்பாலும் பைசன் என்ற, திமிலும் பிடரி மயிரும் கொண்ட வேறொரு விலங்கை. அமெரிக்கப் புல்வெளிகளைப் பற்றிய பாடத்தை இந்த அகராதியின் துணையோடு படித்த எட்டாம் வகுப்பு மாணவி, அங்கே பால் கறந்தார்களா என்று என்னிடம் கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

பெரிய எழுத்தில் தொடங்கினால் அது நியூயார்க் மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள நகரம். 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயின் மேற்கு முனையாக இருந்ததால் வளர்ந்த ஊர். பஃபலோ என்னும் சிற்றாற்றின் பெயரே ஊருக்கு வந்தது. அழகிய ஆறு என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் மருவி அப்படி ஆனது என்றொரு கதையும் உலவுகிறது. அதற்கு வலுவான சான்று இல்லை. எருமையின் பெயரில் ஊர் அமைவது நமக்குப் புதிதல்ல. சங்கப் பாட்டில் வரும் எருமையூரை அறிஞர்கள் நம் எல்லைக்கு அப்பாலுள்ள மைசூராகவே கொள்கிறார்கள்.

வினைப்பொருளை விட்டதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அமெரிக்க வழக்கில் ஒருவரை மிரட்டிப் பணியவைப்பதற்கும், குழப்பித் திகைக்கவைப்பதற்கும் இதே சொல்லை வினையாகச் சொல்வார்கள். விலங்கு, ஊர், வினை என்ற மூன்று பொருளையும் அடுக்கி, பஃபலோ என்ற சொல்லையே எட்டு முறை எழுதினால் இலக்கணப் பிழையில்லாத ஓர் ஆங்கில வாக்கியம் கிடைக்கும். ஒன்றாவது, மூன்றாவது, ஏழாவது சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும் ஊர்ப்பெயர், ஐந்தும் ஆறும் வினை, மற்றவை விலங்கு. பின்னாளில் அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக இருந்த வில்லியம் ராப்பபோர்ட் 1972இல் அமைத்த வாக்கியம் இது. தமிழில் சொன்னால், 'பஃபலோ ஊர்ப் பைசன்கள் மிரட்டுகிற பஃபலோ ஊர்ப் பைசன்கள், பஃபலோ ஊர்ப் பைசன்களை மிரட்டுகின்றன' என்று வரும். நம்மிடம் 'மிரட்டுகிற' என்ற பெயரெச்சமும் 'ஐ' உருபும் யார் யாரை மிரட்டினார் என்று காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல் நிற்கும் இடமும் பெரிய எழுத்துமே செய்கின்றன. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியபோது, வழக்கமாகத் தூங்கும் பையன்கூட எழுந்து வந்து எண்ணிப் பார்த்தான்.

உணவுப் பொருளையும் சேர்த்திருந்தால் ஓசூரில் என் மாமாவுக்கு நேர்ந்த சங்கடம் தவிர்ந்திருக்கும். உணவகப் பட்டியலில் 'பஃபலோ விங்ஸ்' என்பதைப் பார்த்தவர், எருமைக்கு ஏது இறக்கை என்று சிரித்துவிட்டு, மாட்டுக்கறி போலும் என்று தயிர்ச்சாதத்தோடு எழுந்துவிட்டார். அது கோழி இறக்கைதான். 1964இல் பஃபலோ நகரத்து ஆங்கர் பாரில் தெரசா பெலிசிமோ செய்தது என்பார்கள். ஊரின் பெயர் உணவில் ஒட்டிக்கொண்டது, நம் திண்டுக்கல் பிரியாணியைப் போல.

பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அகராதி போதும். நாளிதழோ கதையோ படிப்பவர்கள் இதற்குப் பணம் செலவிட வேண்டாம். விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டதால், விடுபட்ட பொருள்களைப் பக்க ஓரத்தில் நானே பென்சிலால் எழுதத் தொடங்கினேன். ஓரம் போதாமல், எட்டுச் சொல் வாக்கியத்தைப் பின்னட்டையின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.